மஞ்சள் வரி

போன வாரம் ஆபீசில் பக்கத்து நாற்காலிப் பெண், புதிதாக ஏற்றிய விரிதாள் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினாள். கர்சர் நின்ற வரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பளிச்சென்று நிறம் ஏறி நின்றது. "இது இப்ப கூடவே வருது சார், தனியா ஒண்ணும் ஏத்த வேண்டாம்" என்றாள். நல்லது என்றேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகமெல்லாம் இல்லை. சில சமயம் முகத்தைக் கொஞ்ச நேரம் எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கூடவே வருகிறதாம். இதையே ஒரு காலத்தில் நாங்கள் இணையத்தில் தேடிப் பிடித்தோம். ஆட்-இன் என்று பெயர். விரிதாளுக்கு இல்லாத ஒரு கையை, ஒரு விரலை, முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து செய்து, வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருப்பார். நான் அப்போது மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் குமாஸ்தா. கீழே குடோன், மேலே மர மாடியில் ஆபீஸ். பலகை இடுக்கு வழியாகச் சுக்குத் தூசி ஏறி வரும். கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் ஒரு டம்ளர் சுக்குக் காப்பிக்குத் தேறும்.

கவிதை எழுதத்தான் பிறந்தேன் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு, கிடைத்த நேரமெல்லாம் ஆட்-இன் இறக்குவேன். காலி வரிகளைத் துடைப்பது ஒன்று. பெயரையும் இனிஷியலையும் பிரிப்பது ஒன்று. எண்ணை எழுத்தால் எழுதுவது ஒன்று. அதற்கு லட்சம் தெரியாது. அதைச் செய்தவர் ஊரில் லட்சம் கிடையாது போல, நூறாயிரம் என்றே எழுதும். "பாவம், லட்சத்த கண்ணால பாக்காத ஆளு. நம்ம ஜாதிதான் சாமி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் ரம்லத் இத்தா.

இத்தா என்றால் அங்கே அக்கா. எனக்கு எதிர் மேஜை. பாலக்காட்டிலிருந்து துணி விற்க வந்து கொச்சியிலேயே ஊன்றிவிட்ட ராவுத்தர் குடும்பம். பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, மலையாளத்தில் திருப்பி, சிரிப்பில் முடிப்பார். என்னைச் 'சாமி' என்பார், என் பூணூல் எந்த ஆணியில் தொங்குகிறது என்பது எனக்கே மறந்துபோனது தெரிந்தும். கணவர் படுக்கையில். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் வரும் சம்பளம் இத்தாவுடையது மட்டும்தான்.

ஒருநாள் மாடிப்படியில் இத்தா நட்டநடுவில் நின்ற சாக்கு மூட்டையில் மோதினார். பட்டப்பகல். மூட்டையோ யானைக்குட்டி அளவு. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, ஒரு கையைக் குழல்போல் சுருட்டிக் கண்ணில் வைத்துக் காட்டினார்.

"இப்படித்தான் தெரியுது. நேரா இருக்கறது தெளிவு. பக்கத்துல எல்லாம் இருட்டு. டாக்டர் மருந்தில்லன்னுட்டாரு, இன்னும் சுருங்குமாம்." பிறகு என் சட்டைக் கையைப் பிடித்தார். "யார்ட்டயும் மிண்டாதே. கேட்டியா?"

மிண்டாதே என்றால் வாய் திறக்காதே. உன்னிடம் சொல்லலாம், உனக்கு மட்டாஞ்சேரியில் யாரையும் தெரியாது என்பது அவர் கணக்கு.

அவர் வேலையோ அகல வேலை. ஒவ்வொரு சரக்குக்கும் எடை, ஈரப்பதம், எந்தக் கன்டெய்னர், எந்தத் துறைமுகம் என்று வரி நீண்டுகொண்டே போகும். இடது ஓரத்தில் சரக்கின் பெயரைப் பார்த்துக்கொண்டு வலது ஓரம் போவதற்குள் குழலுக்குள் வரி நழுவிவிடும். மேல் வீட்டுக்காரனின் ஈரம் கீழ் வீட்டுக்காரன் தலையில். அதற்காகத்தான் தேடினேன். நிற்கும் வரியை முழுக்க மஞ்சளாக்கும் குட்டி ஆட்-இன் ஒன்று கிடைத்தது. ஏற்றிக் கொடுத்தபோது இத்தா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கர்சரை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். மஞ்சளும் கூடவே ஏறி இறங்கியது.

"எடா, கல்யாணப் பொண்ணுக்கு நலுங்கு வெச்ச மாதிரி இருக்குடா!"

செய்தவருடைய இணையப் பக்கத்தில், காசு வேண்டாம், பிடித்திருந்தால் உங்கள் ஊரிலிருந்து ஓர் அஞ்சலட்டை போடுங்கள் என்று எழுதியிருந்தது. இத்தா கொச்சிக் கரையின் சீன மீன்வலைப் படம் போட்ட அட்டை வாங்கினார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது; மலையாளத்தில் எழுதினார். அந்த மனுஷனுக்கு எப்படிப் புரியும் என்றேன். "அவர் எழுதினது நமக்குப் புரிஞ்சா ஏத்தினோம்? வேல செய்யுதில்ல!" என்றார்.

அந்த மஞ்சளில் இத்தா சில வருஷம் ஓட்டினார். வெளிநாட்டில் படித்துவிட்டு முதலாளியின் மகன் வந்தார். சும்மா கிடைப்பதில் எல்லாம் வைரஸ் இருக்கும் என்பது அவர் கட்சி. காக்கநாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து எல்லா மெஷினையும் துடைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை இத்தா ஷீட்டைத் திறந்தார். வெள்ளை. ஒரே வெள்ளை.

"கேளுங்கோ இத்தா, ஒண்ணை மட்டும் திரும்பப் போடச் சொல்லி."

"எதுக்குன்னு கேப்பாங்களே, என்ன சொல்லட்டும்?"

இதுதான் முடிச்சு. மஞ்சள் வேண்டுமென்றால் கண்ணைச் சொல்ல வேண்டும். கண்ணைச் சொன்னால் வேலை இருக்காது. எனக்கு வேண்டும் என்று நான் போய்க் கேட்டுப் பார்த்தேன். "சாமி, உனக்கு கவிதைக்கு கலர் வேணுமோ?" என்று மேனேஜர் சேட்டன் ஆபீசே சிரிக்கும்படி கேட்டார். என் கவிதையின் புகழ் அவ்வளவு தூரம் பரவியிருந்தது.

இத்தா மரஸ்கேல் ஒன்றைக் கொண்டுவந்து திரையின் மேல் வைத்துப் பார்த்தார். தையல் வகுப்பா இது என்று யாரோ கேலி செய்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அப்புறம் நடக்க வேண்டியது நடந்தது. இரண்டு சரக்கின் ஈரக் கணக்கு இடம் மாறி, காயாத மிளகு கப்பல் ஏறி, பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது.

மேனேஜர் எங்கள் மேஜைக்கே வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார். "ரம்லத்தே, இது எந்தா? காழ்ச்சக்குறவோ, சிரத்தக்குறவோ?"

பார்வைக் குறைவா, கவனக் குறைவா? மலையாளத்தில் இரண்டும் ஒரே வால் உள்ள சொற்கள். கோபத்தில் இயைபு தானாக வந்து விழுந்தது. ஆள் எதைத் தொட்டுவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் இத்தாவின் செருப்பு என் காலை அழுத்தியது.

"சிரத்தக்குறவாணு, சேட்டா."

அந்த வாரமே கணக்கை முடித்து அனுப்பினார்கள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சிரத்த போனவளுக்கு வேற கம்பெனில ஒரு நாற்காலி கெடைக்கும் சாமி. காழ்ச்ச போனவளுக்கு ஸ்டூல்கூட கெடைக்காது."

நாற்காலியும் கிடைத்தது. திருப்பூணித்துறையில் ஒன்று, ஏலூர்ப் பக்கம் ஒன்று. எல்லா இடத்திலும் மெஷினுக்குப் பூட்டு. எங்கும் நிலைக்கவில்லை. மகளின் படிப்பு பாதியில் நின்று, அவள் துணிக்கடையில் நின்றாள். குழல் சுருங்கிச் சுருங்கி ஒருநாள் மூடிக்கொண்டது. அதை வீட்டுக்கு வெளியே தெரியவிடாமலே இத்தா வீட்டுக்குள் இருந்துகொண்டார். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டார்.

கம்பெனி இல்லை. மாடியும் குடோனும் வெள்ளையடித்த தங்கும் விடுதியாகிவிட்டன. உள்ளே எலுமிச்சைப் புல் வாசனை பீய்ச்சுகிறார்கள். ஆட்-இன் செய்தவருடைய பக்கத்தைத் தேடினால், அந்த முகவரி விற்பனைக்கு என்று வருகிறது. இத்தாவை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் மதிலோரம் மேனேஜர் சேட்டன் குடையோடு நின்றிருந்தார். மூப்பு ஏறி, ஆள் பாதியாகியிருந்தார். என் தோளில் கை வைத்தார்.

"நல்ல ஸ்த்ரீயாயிருந்நு. சிரத்த மாத்ரம் கொறவு. அல்லே சாமி?"

மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆமா சேட்டா, கொஞ்சம் கொறவுதான்" என்றேன்.