காப்பியின் முதுகில் ஒரு பக்கிள்

வார்க்காரிக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. குதிரையின் நெஞ்சளவு மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. "நேத்து வந்தாரே, அந்த முப்பத்தெட்டு அங்குலம், அவர் பட்டை தயாரு" என்று தெருவே கேட்கச் சொல்வாள். எடுக்க வந்த ஆள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

இரட்டைக் குதிரை வண்டிகளுக்குச் சேணம் தைப்பது அவள் தொழில். வீட்டு முற்றத்தில் ஒரு பக்கம் பட்டறை, மறுபக்கம் லாயம். லாயத்தில் இரண்டு மட்டக்குதிரைகள். பழுப்பு நிறக் காப்பி அவள் கணவனுடையது. வெள்ளை நிற உப்பு அவள் அண்ணனுடையது. வண்டி பொது, இரண்டு குடும்பமும் இருக்கிற வீடும் பொது. ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இருவரும் முறை வைத்து ஓட்டினார்கள்.

ஒரு மாதமாக உப்பு இழுப்பதில்லை. காப்பி நுரை தள்ள இழுக்கும். உப்பு பக்கத்தில் சும்மா நடந்து வரும்.

"உங்க குதிரை விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வருது மச்சான்."

"மாப்பிள்ளைங்க எப்படி வருவாங்கன்னு எனக்குச் சொல்லித் தரணுமா மாப்பிள்ளை?"

வாய்ச்சண்டை வளர்ந்தது. வண்டியை விற்றுவிடுவது, அவரவர் குதிரையோடு அவரவர் வழி என்று முடிவானது. வாங்குகிறவர் மதியம் வருகிறார். அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். அண்ணியிடம் நாலு வார்த்தை பேசாமல் வார்க்காரிக்கு ஒரு பொழுதும் விடிந்ததில்லை. காலையிலிருந்து நூல் ஊசிக் கண்ணில் நுழையவே இல்லை.

விற்கிற பொருளை அழுக்காகக் கொடுக்கக் கூடாதென்று கடிவாள வாரை எண்ணெய்த் துணியால் துடைக்க உட்கார்ந்தாள். அங்கேதான் அவள் கை நின்றது.

ஜோடி வண்டி வாரில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டுகிறவர் கையில் இரண்டே வார்தான். ஒவ்வொன்றும் வழியில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை அந்தப் பக்கத்துக் குதிரையின் வாய்க்கு நேராகப் போகும். மற்றது குறுக்கே தாண்டி அடுத்த குதிரையின் வாய்க்குப் போகும். பிரிகிற இடத்தில், இந்தப் பக்கத்துக் குதிரையின் முதுகுக்கு மேல், குறுக்குக் கிளையை நீட்டவும் குறைக்கவும் ஒரு பக்கிள், பெல்ட்டில் இருக்குமே அந்த மாதிரிக் கொக்கி. ஆக, காப்பியின் முதுகின்மேல் கிடக்கும் பக்கிளை இறுக்கினால் பின்னுக்கு இழுபடுவது உப்பின் வாய்.

பழைய துளையைச் சுற்றித் தோல் தேய்ந்து பளபளத்தது. பக்கிளோ மூன்று துளை தள்ளிப் புதுத் தோலைக் கடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் பக்கிளைத் தொடுகிற ஆள் இல்லை. ஒரு துளை மாற்றவும் "பாப்பா!" என்று கத்துவார். அப்படியானால் வேலை யாருடையது என்பது வெளிச்சம். சொன்னால் கணவன் மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணி போய்விடுவாள்.

பக்கிளைப் பழைய துளைக்கே மாற்றினாள். "கடைசியா ஒரு சுத்து போய்ட்டு வாங்க. ரெண்டு பேரும்."

"எதுக்குப் பாப்பா?"

"எண்ணெய் ஊறணும்ணே."

நான்கு தெரு சுற்றி வந்தார்கள். உப்பின் மார்பில் வேர்வை வழிந்தது. வண்டி நிற்பதற்குள் அண்ணன் குதித்து, குதிரைகளை வண்டியோடு பிணைக்கும் இழுவை வார்களை இரு பக்கமும் தட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே விறைப்பு.

"என்ன பண்ணினே பாப்பா?"

அவள் துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். கணவன் வாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"நான்தான் மச்சான் இறுக்கினேன். காப்பி முந்துதேன்னு பிடிச்சு வைக்கலாம்னு... அது முதுகுமேல இருந்த பக்கிளாச்சே, அதோடதுன்னு நினைச்சுட்டேன்."

அண்ணனின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடியே, சாக்கை அவுருடி! இங்க வந்து இதைக் கேளு!"

வாங்குகிறவர் வந்து வாசலில் நின்றார். "வண்டி விலைக்குன்னாங்க..."

"விலைக்கு இல்லீங்க. ஆனா வந்தது வந்தீங்க, ஏறி உக்காருங்க. எங்க மாப்பிள்ளை எந்தக் குதிரையை அடக்க எதை இறுக்கினாருன்னு காட்டுறேன்."

கணவன் பட்டறைக்குள் ஒதுங்கினான். "இதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவாரு?"

"உப்புக்கு வயசு என்ன?"

"ஆறு."

"மட்டக்குதிரை முப்பது வயசு வரைக்கும் இருக்கும்," என்றாள் வார்க்காரி. இந்த முறை நூல் ஒரே குத்தில் ஊசிக்குள் போனது.