கெட்டிமேளம் கொட்டினால் வைஃபை படுத்துக்கொள்ளும்

இணைய லைன் பழுது பார்ப்பவனின் தலையெழுத்து இதுதான், அன்பர்களே: நாள் முழுக்கச் சும்மா கிடக்கும் லைன், எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து விழும்போது படுத்துக்கொள்ளும், திட்டு மட்டும் எனக்கு. "இன்னும் ஒரு புகார் வந்தா வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று முதலாளி வேறு சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். பயந்துவிட்டேன்.

மதியம் ஒரு மணி

பாடாங் செராயில் ஒரு பாயின் நாசி கண்டார் சோற்றுக்கடை. ஒரு மணிக்குத் தொழிற்சாலை ஆட்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்து வீடியோ பார்ப்பார்கள், நெட் நின்றுவிடும். மூன்று மணிக்கு நான் போனால் பறக்கும். பாய் புகார் கொடுக்கப் போனைக் கையிலெடுத்துவிட்டார்.

"உங்க வரிசை மாதிரிதான் பாய். ரோடு வரைக்கும் நீண்டா கடைசி ஆள் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவார்ல? இதுலயும் இடம் நிறைஞ்சா, மிச்சம் கீழே விழுந்திடும்" என்று சொல்லி, ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்தேன். பாய் போனைக் கீழே வைத்தார்.

"அப்ப நெட்டுக்கும் ஆள் பத்தலையா? எனக்கே சோறு போட ஆள் கிடைக்கலலா தம்பி!"

பெரிய பெட்டி

கரங்கான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வரும் தகவல் எதுவும் கீழே விழக்கூடாது என்று, நிறையத் தேக்கி வைக்கும் பெரிய ரவுட்டர் பெட்டி ஒன்றைத் தானே வாங்கி மாட்டிவிட்டார். விழவில்லை, எல்லாம் வரிசையில் நின்று நிதானமாக வந்தது. பேரன் கேம் இறக்க ஆரம்பித்தால் போதும். கோலாலம்பூர் மகளிடம் வீடியோ காலில், "மருமகனுக்குக் காய்ச்சல் எப்படி?" என்பார், முந்தின கேள்விக்குப் பதில் வரும்: "இப்பத்தான் தோசை சாப்பிட்டேன்பா."

பெட்டிக்குள் நிற்கும் வரிசையைக் குறைத்துக் கொடுத்தேன். அவர் மனைவி சிரித்தார்.

"நாப்பது வருசமா இவர் கேக்கறதுக்கு நானும் அப்படித்தான் பதில் சொல்றேன். அதுக்கு எந்தப் பெட்டியும் வாங்கலலா!"

கெட்டிமேளம்

பீடோங் மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அண்ணனுக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. "தாலி கட்டுறத அவன் அங்கேருந்தே வீடியோவுல பார்த்துட்டா போதும் தம்பி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாலை மாற்றியபோதே மண்டபம் முழுக்க வீடியோ அனுப்ப, அவனுக்குப் போன படம் உறைந்துவிட்டது. கெட்டிமேளத்துக்கு முன் விருந்தாளிகளின் நெட்டை நூலளவாகச் சுருக்கினேன். அண்ணன் பார்த்தான், அழுதான். எனக்கும் கண் கலங்கியது.

திரும்பினால், சுவரில் எங்கள் புகார் எண்ணைப் பார்த்து எல்லோரும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! வேலை போயிற்று என்று ஆபீசுக்கு ஓடினேன். போன் எடுக்கும் தேவி அக்கா நிம்மதியாக மைலோ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரேயடியா அடிச்சாங்க போல தம்பி, லைன் நிறைஞ்சு ஜாமாயிருச்சு. இன்னைக்கு ஒரு புகாரும் உள்ள வரலலா!"

நெரிசலைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு என்றாலும், ஆபீஸ் போனை மட்டும் இன்றுவரை நான் தொடவில்லை.