பாண்டா அறைக்கு வெளியே மூன்று நாள்

ஆகஸ்ட் கடைசியில் நானும் என் மனைவி பகவதியும் ஐந்து நாள் வெளிநாடு போய் வந்தோம், பாண்டா பார்க்க. இந்தப் பக்கத்தில் இதுவரை பேச்சிப்பாறை, திற்பரப்பு, முட்டம் என்று காலையில் போய் மாலையில் திரும்பும் இடங்களைத்தான் எழுதியிருக்கிறேன். கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. எந்த நாடு, எந்த மிருகக்காட்சிசாலை என்று சொல்லப் போவதில்லை. பகவதியின் தம்பி ரமேஷ் அங்கே தீவனப் பிரிவில் வேலை பார்க்கிறான். என் எழுத்தால் அவனுக்கு இடைஞ்சல் வரக்கூடாது. மற்றபடி நேரம், தூரம், செலவு எல்லாம் சரியாகத் தருகிறேன். நான் நில அளவையர், அளவில் பிசகு வந்தால் எனக்கே பொறுக்காது.

ஏன் போனோம் என்றும் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தைக்காகத் திருவனந்தபுரத்தில் மூன்று முறை சோதனைக்குழாய் சிகிச்சை செய்தோம். மூன்றாவது, ஜூனில் தோற்றது. அதற்குப் பிறகு பகவதி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். டிவி ஓடும், பார்க்க மாட்டாள். அப்போதுதான் ரமேஷ் போனில் சொன்னான்: "அத்தான், இங்க பாண்டா சினையா இருக்குன்னு சொல்லுகாவ. அக்காளக் கூட்டிட்டு வாங்க. ஒரு மாத்தம் இருக்கும்லா." நல்ல யோசனையாகப் பட்டது. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன். ஆளுக்குப் போகவர இருபத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.

இரணியலில் காலை ரயில் ஏறினோம். திருவனந்தபுரம் வரை ஒன்றேகால் மணி நேரம், எங்கள் ரயில் இருபது நிமிடம் தாமதம். ஸ்டேஷனிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ நூற்றெண்பது ரூபாய். (இருநூற்றைம்பது கேட்பார்கள். பேசுங்கள்.) விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பகவதி சன்னல் இருக்கையில் இருந்தாள், ஆனால் வெளியே பார்க்கவில்லை. இறங்கியதும் ரமேஷ் வந்து கூட்டிப் போனான். அவன் இருக்கும் குடியிருப்பு அங்கிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மிருகக்காட்சிசாலை வாசலில் நின்றோம். நுழைவுச்சீட்டு நம் பணத்தில் ஆளுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். உள்ளே போனால் பாண்டா அறை பூட்டிக் கிடக்கிறது. சினையாக இருக்கலாம் என்பதால் ஆள் சத்தம் கூடாதாம். வாசலில் ஒரு பெரிய திரை வைத்து, உள்ளே இருக்கும் கேமராவில் தெரிவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்து டிவியில் பாண்டாவா என்று எனக்கு எரிச்சல். பகவதி திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

ரமேஷ் அந்தப் பாண்டாவைத் தங்கம் என்று கூப்பிடுவான். சீனாவில் பிறந்து, நாலு வயதில் இரவலாக இங்கே வந்தவள். இப்போது பதின்மூன்று. வெளியே நம் சித்திரை மாத வெயில்போல வருடம் முழுக்க அடிக்கிறது. உள்ளே ஏசி வைத்து, விளக்கைக் கூட்டிக் குறைத்து, அவளுக்காகக் குளிர்காலமும் வசந்தமும் வரவைக்கிறார்கள். ஆண் பாண்டா அடுத்த அறையில் இருக்கிறது. வருடத்தில் இரண்டோ மூன்றோ நாள்தான் சேர்த்து விடுவார்கள். தங்கத்துக்கு மூங்கில் வெட்டிப் போடுவது ரமேஷின் வேலை. பத்துக் கட்டு போட்டால் ஒன்பதை முகர்ந்து தள்ளிவிடுவாளாம்.

திரையில் தங்கம் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூங்கில் தழைகளை இழுத்து இழுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு மூங்கில் துண்டை எடுத்து நெஞ்சோடு அணைத்து, குனிந்து நக்க ஆரம்பித்தாள்.

"அது என்னத்த நக்குகா?" என்றாள் பகவதி.

"மூங்கில்தான் அக்கா. குட்டின்னு நினைச்சுப் பழகுகா. குட்டி பிறந்தா நூறு கிராம்தான் இருக்கும். ரெண்டு மட்டிப்பழ எடை."

பகவதி சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை. அன்று மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்தும்வரை அங்கேயே இருந்தாள். அடுத்த நாள் நான் ஒரு மலைக்கோயிலும் கடற்கரையும் போகத் திட்டம் போட்டிருந்தேன். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி திரைக்கு முன்னால் வந்து நின்றாள். நானும் போகவில்லை. அவள் முகத்தில் தெளிச்சம் வந்துவிட்டது, பயணம் பலித்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

மூன்றாம் நாள் மதியம் ரமேஷ் வேலை உடுப்போடு எங்களிடம் வந்தான்.

"அக்கா, ஒண்ணும் இல்லியாம். ரத்தத்துல ஹார்மோன் இறங்கிட்டு. ஸ்கேன்லயும் ஒண்ணும் தெரியல. பொய்ச் சினை. பாண்டாவுக்கு இது அடிக்கடி வரும், கடைசிவரை டாக்டருமாருக்கே தெரியாது. சாயங்காலம் நோட்டீஸ் ஒட்டுவாவ."

திரையில் தங்கம் அந்த மூங்கில் துண்டை அணைத்தபடிதான் இருந்தாள்.

"அவகிட்ட ஆரு சொல்லுவா?" என்றாள் பகவதி.

ரமேஷ் என்னைப் பார்த்தான். "ஆரும் சொல்ல முடியாதுல்லா அக்கா. ரெண்டு வாரம் போனா தானே கீழ போட்டுட்டுத் தின்னத் தொடங்குவா. போன வருசமும் இப்படித்தான்."

"எத்தன வருசமா?"

"ஏழு. தானா சேரலன்னா மயக்க ஊசி போட்டுச் செயற்கைக் கருவூட்டல் செய்வாவ."

"அடுத்த வருசமும் செய்வாவளா?"

"செய்வாவன்னுதான் நினைக்கேன்."

அவள் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று என் போனைக் கேட்டாள். கொடுத்தேன். அவள் கையில் இருக்கும்போதே அதில் ஒரு செய்தி வந்தது. திங்கட்கிழமை காலை பத்தரை மணி, மருத்துவமனைக்கு வர நினைவூட்டல். நாலாவது முறைக்கு நான்தான் நாள் வாங்கியிருந்தேன். ஊர் திரும்பும் விமானம் ஞாயிறு. ஒரு ராத்திரி திருவனந்தபுரத்தில் தங்கி, காலையில் அவளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். விடுதி அறைக்குக்கூட முன்பணம் கட்டியாகிவிட்டது.

பகவதி அதை இரண்டு தடவை வாசித்தாள். போனைத் திருப்பித் தந்தாள்.

"எங்கிட்ட கேட்டியளா?"

"மனசு மாறி இருக்கும்போது நல்லது நடக்கும்னு…"

"மூணாவதுக்கே எனக்கு ஏலாது. உங்க மொகத்தப் பாத்துட்டு ஒத்துக்கிட்டேன்." குரல் உயரவில்லை. ரமேஷ் மெல்ல விலகிப் போய்விட்டான். "இஞ்ச கூட்டிட்டு வந்ததும் இதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுப் பொய்யாகிவிடும். பக்கத்தில் ஒரு குடும்பம் திரையைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் அவள் உடம்பில்தான் நடந்தது. நான் கூடவே போனேன், வெளியே பெஞ்சில் இருந்தேன், ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதியைக் குறித்தேன். பிள்ளை வேண்டும் என்ற வெறி அவளுடையது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என்னுடையது என்று அந்தத் திரைக்கு முன்னால்தான் தெரிந்தது.

ஞாயிறு பிற்பகல் திருவனந்தபுரத்தில் இறங்கி, பெட்டி வரும் இடத்தில் நின்றுகொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "வேற நாள் போடட்டுமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. அவள் "ஹலோ, ஹலோ" என்றாள். சொன்ன பிறகு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டேன். பகவதி என்னைப் பார்த்தாள், பக்கத்தில் வரவில்லை.

பாண்டா பார்க்கப் போகிறவர்களுக்கு: வருடத்தின் பின்பகுதியில் போவதானால், அறை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை தீனி நேரம், அப்போதுதான் பாண்டாக்கள் அசைந்து நடக்கும். உள்ளே போக முடிந்தால் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், குளிர் அப்படி. தண்ணீர் கையில் கொண்டுபோகலாம். கூட வருகிறவருக்கு எங்கே போகப் பிரியம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரமேஷ் போன வாரம் பேசினான். தங்கம் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டாளாம். நன்றாகத் தின்கிறாளாம். அறையைத் திறந்துவிட்டார்கள், நல்ல கூட்டமாம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு இரணியலில் இறங்கினோம். பெட்டிகளைத் தூக்கி வைத்த ஆட்டோக்காரர், "பாரின் போயிட்டு வாறியளா? பிள்ளையள வீட்டுல விட்டுட்டா போனிய?" என்று கேட்டார். யார் கேட்டாலும் "இன்னும் ஆகல்ல" என்று சொல்வது எங்கள் வழக்கம். பதினோரு வருடமாக அதைச் சொல்வது நான்தான். வாயைத் திறந்தேன்.

பகவதி முந்திக்கொண்டாள். "எங்களுக்குப் பிள்ளை இல்ல, அண்ணே. வண்டிய எடுங்க."

வீடு வர மூன்றரைக் கிலோமீட்டர்.