தெற்குக் காற்றுக்கு ஏழு நாள்

மாலையில் விளக்கேற்றி என் மனைவி ஊதுபத்தி கொளுத்தினால், நான் சாமியைப் பார்ப்பதில்லை, புகையைப் பார்க்கிறேன். நேராக எழுகிறதா, ஜன்னல் பக்கம் போய்த் திரும்புகிறதா என்று கண் தானாகப் பின்தொடர்கிறது. “பக்தி முத்திப்போச்சு” என்று அவள் கேலி செய்வாள். இது தீதியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் என்னை விடவில்லை.

வங்காளத்தில் அக்காவை தீதி என்பார்கள். எனக்கு அவர் உறவில்லை, கட்டடக் கலைஞர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் அளவு நாடாவோடு ஒரு கட்டு ஊதுபத்தியும் இருக்கும். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அறை நடுவே நின்றுவிடுவார். “இன்ஜினியர் ஆயிரம் சொல்லுவான் பாபு, புகைக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்பார். நான் திருநெல்வேலிக்காரன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் கடைசிவரை ‘மெட்ராஸ் பாபு’தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கொல்கத்தாவில் மூன்று அமைப்புகள் கைகோத்தன. பள்ளிகளில் சூரிய சக்தி பற்றிச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் அறக்கட்டளை ஒன்று. தீதியும் அவர் நண்பர்களும் காளிகாட் சந்து ஒன்றில் நடத்திய கட்டடக் கலைஞர்கள் குழு ஒன்று. சோலார் தகடுகள் தர முன்வந்த நிறுவனம் மூன்றாவது. டாக்குரியாவில் ஒரு பள்ளிக்கு மின்விசிறியே வேண்டாத வகுப்பறை ஒன்றைக் கட்டித் தருவது திட்டம். காற்று தானாக வரும், விளக்கு வெயிலில் எரியும், பிள்ளைகள் அந்த அறையைப் பார்த்தே பாடம் படிப்பார்கள். மூவரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது என் உத்தியோகம். கூட்டம் முடிந்ததும் முடிவுகளைத் தட்டச்சு செய்து மற்ற இருவருக்கும் ஃபேக்ஸ் அனுப்புவேன். ஏழு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அந்த விதியை எழுதியவனும் நானேதான்.

சண்டை தெற்கை வைத்து வந்தது. கொல்கத்தாக்காரர்களுக்குத் தெற்குக் காற்று என்றால் உயிர். வாடகை வீடு பார்க்கப் போனாலும் முதல் கேள்வி அதுதான். தீதி கூரையை நடுவில் உயர்த்தி, தெற்கு பார்த்து நீளமாக ஒரு காற்றுவாய் வைத்திருந்தார். அந்த அறைக்கு அதுதான் மூக்கு. ஆனால் சூரியத் தகடுகளும் தெற்கைத்தான் பார்க்கவேண்டும். நிறுவனத்தார் அவற்றைக் காற்றுவாய்க்கு நேர் முன்னால் சாய்த்து நிறுத்த வேண்டும் என்றார்கள். அப்போதுதான் தெருவிலிருந்து எடுக்கும் போட்டோவில் அறையும் தகடும் சேர்ந்து விழுமாம். “பக்கத்துப் பழைய கட்டடத்து மொட்டைமாடியில் வையுங்கள், கொஞ்சம் வயர் கூடுதலாகப் போகும், அவ்வளவுதானே” என்று தீதி மன்றாடினார். பூஜைக்கு முந்தைய கூட்டத்தில் எதுவும் முடிவாகவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நிறுவனத்து அதிகாரி, இந்த மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் விலகிக்கொள்வோம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் விலகினால் திட்டம் போச்சு, என் வேலையும் போச்சு.

துர்கா பூஜையின் சஷ்டியன்று, சால்ட் லேக்கில் எங்கள் ஆபீஸ் மட்டும் அரைநாள் திறந்திருந்தது. பந்தல்களில் மேளம் தொடங்கிவிட்டது. ‘தகடுகள் காற்றுவாய்க்கு முன்னால் வைக்கப்படும்’ என்று முடிவான காரியம் போலத் தட்டச்சு செய்து இருவருக்கும் ஃபேக்ஸ் அனுப்பினேன். தீதியின் ஆபீஸ், தசமி கழிந்து ஐந்தாம் நாள் வரும் லட்சுமி பூஜை முடிந்துதான் திறக்கும். பூட்டிய அறைக்குள் அந்தக் காகிதம் சுருண்டு விழும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். வேறு வார்த்தை போட்டு மூடி மறைக்க எனக்கு இன்று மனமில்லை.

தசமிக்கு மறுநாள் காலை வாசலில் தீதி நின்றார். பூஜை முடிந்தால் வீடு வீடாகப் போய் விஜயா வாழ்த்துச் சொல்லி இனிப்பு கொடுப்பது அவர்கள் வழக்கம். எவர்சில்வர் டப்பா நிறையத் தேங்காய் உருண்டை, அவரே பிடித்தது. இங்கே எங்களுக்கு யாருமில்லை என்பதால் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தாராம். என் மனைவி காலில் விழுந்து கும்பிட்டாள். தீதி ஒரு உருண்டையை எடுத்து என் வாயிலேயே போட்டுவிட்டு, “அப்புறம் மெட்ராஸ் பாபு, புதுசா ஏதாவது உண்டா?” என்று கேட்டார்.

கணக்குப்படி இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாயில் வெல்லம் கரைந்துகொண்டிருந்தது. “ஒண்ணுமில்ல தீதி” என்றேன்.

அவர் போனதும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். “அவுக ஆபீஸ் பூட்டிக் கிடக்குன்னு தெரிஞ்சுதான அனுப்புனிய? வாசல் தேடி வந்தவுககிட்டயும் சொல்லாம முழுங்கிட்டியளே, சீ” என்றாள். அந்த இரண்டு நாளும் ஓடிப்போயின. நான் போனைத் தொடவில்லை.

ஆபீஸ் திறந்ததும் தீதி ஃபேக்ஸைப் பார்த்தார். தேதியையும் பார்த்திருப்பார். சத்தம் போடவில்லை. “விதின்னா விதிதான்” என்று மட்டும் போனில் சொன்னார். சித்திரை வெயிலில் திறப்பு விழா நடந்தது. போட்டோ பிரமாதமாக வந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அவர் அறை நடுவே ஊதுபத்தியோடு நிற்பதைக் கதவோரமிருந்து பார்த்தேன். வெளியே மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே புகை கம்பி மாதிரி நேராக மேலே போயிற்று. அவர் ஊதுபத்தியைத் தரையில் தேய்த்து அணைத்து, மிச்சத்தைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். அடுத்த வருடமே அந்த அறையில் விசிறி மாட்டினார்கள். பிறகு உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

ஆனால் தீதி வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருடமும் பூஜை முடிந்த மறுநாள் அதே டப்பா, அதே உருண்டை, அதே கேள்வி: “புதுசா ஏதாவது உண்டா?” வழக்கமாகக் கேட்டாரா, என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு வருடமும் ஒண்ணுமில்லை என்றேன். ஒரு வருடம் அவர் வரவில்லை. மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. இப்போதும் அந்த நாள் காலையில் அழைப்புமணி அடித்தால் நான் எழுந்திருப்பதில்லை. மனைவிதான் போய்க் கதவைத் திறப்பாள்.

போன பங்குனியில் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். தகடுகள் செத்து வருடக்கணக்காகிறது, கழற்ற வேண்டும், ஆனால் ஒப்பந்தப்படி மூன்று அமைப்புகளும் சம்மதிக்க வேண்டுமே என்றார்கள். அந்தக் கூட்டணியே கலைந்துவிட்டது. தகடு கொடுத்தவர்கள் ஒரே நாளில் சரி என்று எழுதிவிட்டார்கள். தீதியின் குழு இப்போது இல்லை. காளிகாட் சந்தில் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. அந்த முகவரிக்கே அவர் பெயருக்குக் கடிதம் எழுதி, நானே கொண்டுபோய்க் கதவிடுக்கில் செருகினேன். பைத்தியக்காரத்தனம்தான். ஏழு நாள் காத்திருந்தேன்.

எட்டாம் நாள் தகடுகளைக் கழற்றினார்கள். ஆட்கள் இறங்கிப் போனபின் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே நின்று ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினேன். புகை ஒரு விரற்கடை நேராக எழுந்தது. பிறகு யாரோ வாயால் ஊதினாற்போல் வடக்கே சாய்ந்து அறை முழுதும் பரவியது. கழுத்து வேர்வையில் காற்று ஜில்லென்று பட்டது. இத்தனை வருடமும் கூரைக்கு வெளியே நின்றிருந்த காற்று.

“உண்டு தீதி” என்று வாய்விட்டுச் சொன்னேன். “நான்தான் சொல்லாம விட்டேன்.”

சாவி வாங்க வந்த காவலாளி வாசலில் நின்று, யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டான். ஊதுபத்தி முழுதும் எரிந்து முடியும்வரை அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.