முலாமும் தகடும்

அக்கா கல்யாணத்துக்கு என் தாய்மாமா பட்டணத்திலிருந்து இரண்டு வாட்சுகள் வாங்கிவந்தார். இரண்டும் பாதி வெள்ளி நிறம், பாதி பொன் நிறம். இரண்டுமே டூப்ளிகேட். அதை மாமா மறைக்கவில்லை. டூப்ளிகேட்டிலும் உசத்தி, மட்டம் உண்டு என்பதுதான் அவர் கட்சி.

மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்று என்றுதான் பேச்சு. ஆனால் மாப்பிள்ளையும் என் சித்தப்பாவும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒருவர் கை மின்னி இன்னொருவர் கை மொட்டையாக இருந்தால் சித்தப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் விலை குறைந்ததாகப் பார்த்து அவருக்கும் ஒன்று வந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் குப்பத்தில் மணி பார்க்க யாருக்கும் வாட்சு தேவைப்பட்டதில்லை. எப்போது கிளம்புவது என்று காற்றே சொல்லிவிடும். மீன் ஏலத்தில் கையை நீட்டும்போது வியாபாரிகள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமா எல்லோரையும் உட்காரவைத்து வித்தியாசம் காட்டினார். சித்தப்பாவுடையது முலாம், தங்கத் தண்ணீரில் முக்கி எடுத்தது. மாப்பிள்ளையுடையது தகடு, சன்னமான தங்கத் தகட்டை மேலே சுற்றியது. அதில் தங்கம் எவ்வளவு என்பது விற்றவனுக்கே வெளிச்சம். முலாமில் ஓரமே தெரியாது. தகடு சுற்றியதில் பட்டை வந்து சேரும் இடத்தில் முடி அளவு ஒரு கோடு தெரியும். “முலாம் கொஞ்சம் கொஞ்சமா தேயும். தகடு தேயாது. ஆனா ஓரம் தூக்கிச்சுன்னா மொத்தமா உரிஞ்சிடும்” என்றார். கூட்டத்தில் அந்தக் கோட்டை முதலில் கண்டுபிடித்தவள் நான். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முலாம் தானாகத் தேயட்டும் என்று சித்தி காத்திருக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்டு மங்கிய வாட்சைப் பித்தளைச் செம்பு என்று நினைத்தாளோ என்னவோ, புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பொன் போய், வாட்சு வெள்ளை வெளேரென்று ஆயிற்று. குப்பமே சிரிப்பாய்ச் சிரித்தது. சித்தப்பா ரோஷக்காரர், அந்த வெள்ளை வாட்சையும் கழற்றாமல் கட்டிக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளையுடையது பொன்னாகவே இருந்தது. தண்ணீர் புகுந்து இரண்டுமே ஓடாமல் நின்றுபோயிருந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஏரியில் இறால் பிடிக்க ஊருக்கு ஊர் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணம் முடிந்து சில வருஷம் கழித்து, ஓர் ஐப்பசியில் எங்கள் பாடு இல்லாத ஒரு நாள், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். முகத்துவாரத்தில் அலை படகைக் கவிழ்த்துவிட்டது. படகு கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.

அக்கா அப்போது ஏழு மாதம். அதற்கு முன் உண்டானதெல்லாம் வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இந்த முறை பொன்னேரி டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். சேதி கேட்டதிலிருந்து அக்கா சோற்றைத் தொடவில்லை.

சில நாள் கழித்து வடக்கே ஓர் உடல் கரை ஒதுங்கியது. முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. உடம்பில் துணியும் இல்லை. இடது கையில் வாட்சு மட்டும் இருந்தது, வெள்ளையாக. மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்ற ஆண்கள் அங்கிருந்தே சித்தப்பா என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிள்ளை சுமப்பவள் பிணம் பார்க்கக் கூடாது என்று அக்காவை வீட்டிலேயே பிடித்துவைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் கிடையாது. அடையாளம் சொல்லச் சித்திதான் வர வேண்டியிருந்தது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். அன்று என்னைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் முகம் இருந்த பக்கம் பார்க்கப் பயந்து வாட்சையே பார்த்தேன். பட்டை சேரும் இடத்தில் மீன் செதில் மாதிரி ஒரு துணுக்குப் பொன் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா சொன்னபடியே ஓரம் தூக்கி மற்றதெல்லாம் உரிந்துபோயிருந்தது.

“சித்தி, இது தகடு...” என்று ஆரம்பித்தேன். அவள் உள்ளங்கை என் வாயை அடைத்தது. இன்னொரு கையின் கட்டைவிரல் நகத்தால் அந்தத் துணுக்கைச் சுரண்டி மணலில் தள்ளினாள்.

“இன்னாம்மா, நல்லா பாத்துச் சொல்லு” என்றார் என்னைப் பெற்ற நைனா. தம்பி பெண்டாட்டியிடம் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“எங்க வூட்டு வாட்சுதான். நான்தானே புளி போட்டுத் தேச்சேன், எனக்குத் தெரியாதா?”

அப்புறம் அழுதாள். அது பொய் அழுகை இல்லை. அவள் புருஷனும் அதே படகில் போனவர்தானே.

அன்றே அவள் வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தாலியை இறக்கினார்கள். அந்தக் கோலத்திலேயே அவள் அக்காவிடம் போய் உட்கார்ந்து, “உன் ஆளு வேற கரையில ஏறியிருப்பாரு, நெல்லூர் பக்கம் தேடச் சொல்லியிருக்கு, நீ துன்னு” என்று சோற்றைப் பிசைந்து நீட்டினாள். அக்கா நம்பினாள், சாப்பிட்டாள். தை மாதம் பெண் பிள்ளை பிறந்தது. வீடே நடுங்கும்படி அழுதது.

எனக்கோ சித்தி மேல் ஆத்திரம். மாமா அத்தனை தெளிவாகக் காட்டியும் முலாமுக்கும் தகட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மடச்சி, தெரிந்தவள் வாயையும் அடைக்கிறாள் என்று பொருமினேன். அவளோடு பேசாமல் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

வருஷம் திரும்பியது. சித்தி படையல் போட்டாள். சித்தப்பாவுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு, பக்கத்தில் வறுத்த மடவை மீன். அக்கா நெற்றி நிறையக் குங்குமத்தோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்தாள்.

“சித்தப்பா மடவையைத் தொடவே மாட்டாரே சித்தி” என்றேன்.

“வர்றவங்க துன்னட்டும். நீ எலையில வை.”

மடவை என்றால் அக்கா புருஷனுக்குத்தான் உயிர். கட்டின புருஷன் எதைத் தின்பார் என்பதுகூடத் தெரியாமல் இவள் இத்தனை காலம் என்னதான் ஆக்கிப்போட்டாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, அவள் நீட்டிய மீனை வாங்கி இலையில் வைத்தேன்.