இரண்டு பஸ் நீளம்

பணிமனையில் அவருக்குப் பெயரே பயந்தாங்கொள்ளி. பிரேக் மெக்கானிக் பயப்படாமல் வேறு யார் பயப்படுவதாம்? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர் பூட்டிய பிரேக் ஒன்றுகூட இதுவரை கைவிட்டதில்லை.

அங்கே ஒரு வழக்கம். வளாகத்துக்குள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி பிரேக் மிதிப்பார்கள். ஒரு பஸ் நீளத்தில் வண்டி நின்றால் தேறியது. வெளியே அறுபதில் போனால் இரண்டு பஸ் நீளம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

அவர் மகள் பஸ் டிரைவர். இன்றுதான் அவளுக்கு நெடுஞ்சாலைத் தடம். அங்கே ஒரு வளைவு. அதில் திரும்பினால்தான் ரயில்வே கேட் கண்ணில் படும், மூன்று பஸ் நீளத்தில். "ரெண்டுலயே நின்னுரும்மா, பயப்படாதே" என்று காலையில் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார்.

கணக்கு டீச்சரான மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பிரேக்கோட பலம் மாறலையே. வேகம் ரெண்டு மடங்குன்னா நிக்கவே ரெண்டு மடங்கு நேரம் ஆகும். அந்த நேரம் பூரா சராசரியா பாதி வேகத்துல ஓடும். அந்தப் பாதியும் ரெண்டு மடங்காச்சே. ரெண்டை ரெண்டால பெருக்குங்க."

நான்கு.

பிரேக் பிடிக்கும் பலத்தை வண்டி நிற்கும் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் ஓடும் வண்டிக்குள் இருக்கும் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தால் இரண்டு தரம் பெருக்கினாலும் அதேதான் என்று அவள் சொன்னது அவர் காதில் பாதிதான் விழுந்தது. கேட் மூன்றில் இருக்கிறது.

மகளுக்குப் போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கவே கூடாது என்று சொல்லி வளர்த்தவரும் அவர்தான். சாவியை இரண்டு முறை கீழே போட்டு, ஒருவழியாக ஸ்கூட்டரைக் கிளப்பினார். கண்ணில் பட்ட தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

வளைவு திரும்பியதும் பஸ்ஸின் பின்புறம் தெரிந்தது. கேட் மூடியிருந்தது, பஸ் அதற்கு இந்தப் பக்கம் முழுசாக நின்றது. உள்ளே பணிமனை ஆள் யாரோ, "பயந்தாங்கொள்ளி பெத்ததாச்சே, நத்தை மாதிரிதான் ஓட்டும்" என்று திட்டிக்கொண்டிருந்தார். ரயில் தடதடவென்று போனது.

மகள் ஜன்னல் வழியாகத் தலை நீட்டினாள்.

"ரெண்டுல நின்னுரும்னு நீ சொன்னேதான்ப்பா. ஆனா வளைவைப் பார்த்ததும் பயம் வந்துருச்சு. இருபதுக்கு இறக்கிட்டேன்."

அவர் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு இல்லம்மா," என்றார். "நாலு."