தூசியைத் துடைத்த படங்கள்

அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வேலை செய்பவர்களைப் பல வருடங்கள் படம் எடுத்தேன். சாமி கும்பிடாமல் ஒருநாளும் கேமராவைத் தூக்கியதில்லை. தூசி அப்பிய அந்த முகங்களைப் பார்த்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று நம்பினேன். திருச்சியில் கண்காட்சி வைத்தார்கள். வந்தவர்கள் கைகொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

என் படங்களைத் தேடி வந்தவர்கள் கருமாதி வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அவர்களிடம் வேறு நல்ல படம் இருக்காது.

"தூசியத் தொடச்சுட்டு வெள்ளச் சட்டை போட்டு வுடுங்க. நெத்தியில விபூதியும் வச்சுடுங்க" என்பார்கள்.

மாலை போடும் படம் அழுக்காக இருக்கலாமா? நியாயம்தான். ஊருக்குக் காட்ட நினைத்த தூசியைக் கம்ப்யூட்டரில் நானே துடைத்தேன்.

லாரிக்குக் கல் ஏற்றும் ஒருவர் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். இருமல் முற்றிய பிறகு ஒரு காலையில் குளித்து, விபூதி பூசி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மனைவியோடு வந்து நின்றார்.

"மச்சான், இப்பவே எடுத்துடுங்க. அப்பறம் எவன் சட்டையயோ எனக்கு மாட்டி வுட்டுடுவீங்க."

பழக்கதோஷத்தில், "கொஞ்சம் சிரிங்க மச்சான்" என்றேன்.

அவர் மனைவி அதட்டினார். "மாலை போடுற படத்துல யாராச்சும் பல்லக் காட்டுவாங்களா? வாய மூடுய்யா."

மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அவர் சிரிப்பு இருமலாகிவிட்டது. சட்டையில் பட்டுவிடாமல் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். இருமல் அடங்கியதும் எடுத்தேன்.

அதற்குப் பிறகு மனுச முகத்தை எடுக்கக் கை வரவில்லை. கரைவெட்டி ஏரிக்குப் போய் நாரைகளையும் வாத்துகளையும் எடுக்க ஆரம்பித்தேன்.

"பறவையப் படம் புடிச்சு யாருக்குங்க குடுக்கப் போறீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"யாருக்குமில்ல."

அதுவே நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் கரையில் நிற்கும்போது போன் அடித்தால் மச்சான் வீட்டிலிருந்துதானோ என்று முதலில் பார்ப்பேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆயுசு கொடு என்று அங்கேயே நின்று வேண்டிக்கொள்வேன்.

போன மார்கழியில் ஏரிக்கரையில் இருந்தபோது அவர் மனைவி கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தப் படத்தப் பெருசு பண்ணிக் குடுத்துடுங்க."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "எதுவும் மாத்தணுமாம்மா?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்ணே. எல்லாந்தான் அவரே போட்டுக்கிட்டு வந்துட்டாரே."

தண்ணீரில் வாத்துகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, பிரேம் போடப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். வழியில் கோயில் வந்ததும் எழுந்து கை கூப்பினேன். கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.